நல்லி டாக்டரும் என் வெளுத்த குஞ்சுகளும்

மனைவியின் இரும்புச்சத்து டானிக்கைக் கோழிக்குஞ்சுகளுக்குத் தண்ணீரில் கலந்து ஊற்றிய மேதை நான்தான். ஆயுள் முழுக்க ஆபீஸ் நாற்காலியைத் தேய்த்துவிட்டு, நாமகிரிப்பேட்டைப் பக்கம் கோழிப்பண்ணை வைத்தவனுக்கு மூளை வேறெப்படி வேலை செய்யும்?

முதன்முதலாக இறக்கிய குஞ்சுகள். மூன்றாவது வாரத்தில் ஒவ்வொன்றாகக் கூனிக் குறுகி நின்றன. கொண்டையும் காலும் வெளுத்தன. காலையில் கொட்டகையைத் திறந்தால், செத்தவற்றை முறத்தில் அள்ள வேண்டியிருந்தது.

"ஏனுங்க, டானிக் குடிச்சும் சாகுதுங்களே. அப்ப நான்?" என்றாள் மனைவி.

நல்லி டாக்டரை அழைத்தேன். கோழி வைத்தியர். எலும்பை அவரளவுக்கு மதித்த மனிதர் நாமக்கல் சீமையிலேயே கிடையாது. கறி விருந்தில்கூட நல்லி எலும்பை உடைத்து, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, உள்ளே நிறம் பார்த்த பிறகுதான் உறிஞ்சுவார். எதிர்ப்பந்தி பாதிச் சோற்றில் எழுந்துவிடும். மரியாதையும் கோழிக்கு மட்டுந்தான். குஞ்சு என்றால் 'சாமி'. பண்ணைக்காரன் என்றால் 'யோவ்'.

வந்தார். நான் இன்னும் படிக்காத செய்தித்தாளை விரித்து, செத்த குஞ்சு ஒன்றைக் கிடத்தினார். "மன்னிச்சுக்க சாமி" என்று கும்பிட்டுவிட்டு அறுத்தார். ரத்தம் தண்ணீராக ஓடியது. தொடை எலும்பை உடைத்து வெயிலில் காட்டினார். செக்கச் சிவந்திருக்க வேண்டிய மஜ்ஜை, நெய்போல வெளிறி மஞ்சளாக இருந்தது.

"யோவ், தண்ணியில என்ன கலந்த?"

"டானிக்குங்க..."

"இது சத்துக் கொறைச்சல் இல்லய்யா, வைரஸு. ரத்தம் ஊறுற எடத்தையே அழிச்சுருது. தாய்க்கோழிகிட்டருந்து முட்டை வழியா வந்திருக்கும். லேபுக்கு அனுப்பி உறுதி பண்ணிக்கலாம். குஞ்சு குடுத்தவனுக்கும் சொல்லிரு."

"மருந்துங்க?"

"இல்ல."

அவர் கொட்டகைக்குள் போய் வெகுநேரம் குந்தியிருந்தார்.

"வேற நோவு அண்டாமப் பாத்துக்க. தரையில நனைஞ்ச உமிய மாத்து. தாங்குனது தேறிக்கும்" என்றவர், வேட்டியை மடித்துக் கட்டி, ஈர உமியைத் தானே அள்ள ஆரம்பித்தார்.

லேபும் அவர் சொன்னதையே சொன்னது. நிறையக் குஞ்சுகள் போய்விட்டன. குழி வெட்டி வெட்டி என் கை காய்த்தது. பிறகு ஒரு காலையில், மிஞ்சியவற்றின் கொண்டையில் மெல்லிய சிவப்பு தெரிந்தது. போனில் கத்தினேன்.

"டாக்டருங்க, செவந்திருச்சுங்க! ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க!"

"பொழச்சதுக்கு நான் எதுக்கு? போய்த் தீனி வை, சாமி."