நாலு விரல் அகலத்தில் தங்கச்சி

அன்றைக்குச் சமயநல்லூரில் என் ஜெராக்ஸ் கடைக்குள் இருந்தவர்கள் நாலே பேர்: அம்மா, என் மனைவி ஸ்டெல்லா, பக்கத்து வீட்டு ஜெபமாலை டீச்சர், நான். ஆகவே வேறு யார்மேலும் பழியைப் போட வழியில்லை.

இத்தாலியில் கன்னியர் மடத்தில் இருந்த தங்கை செலினுக்கு நித்திய வார்த்தைப்பாடு. சாகும்வரை சபைக்கே என்று பீடத்தின் முன் சொல்லும் நாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்து ஆறு வருஷம். பூசையை இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டுகிறார்கள் என்றதும், காலையிலேயே பட்டுச்சேலை கட்டிக் கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

படம் வரவில்லை. பிளகின் என்று ஏதோ ஒரு துணை மென்பொருளைப் போட்டால்தான் ஓடும் என்று திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது.

"என்ன போட்டிருக்குன்னு நான் வாசிக்கிறேன்டா" என்றார் டீச்சர்.

"வேணாம் டீச்சர், எனக்குத் தெரியும்." (ஒரு எழவும் தெரியாது. ஏழாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தைவிட்டு ஓடியபோது வகுப்பு டீச்சரே அவர்தான். அவர் முன்னால் இங்கிலீஷ் தெரியாமல் முழிக்க முடியுமா?)

தேடினால் அந்த ஒரு வேலைக்கு ஏழெட்டு பிளகின். வெயில் காலத்திலும் ரெண்டு குடை எடுத்துப் போகிற ஆள் நான். ஒன்று கைவிட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் இறக்கினேன். கேட்ட கேள்விக்கெல்லாம் 'சரி'. ஒவ்வொன்றும் பிரவுசர் தலையில் ஒரு பட்டையை ஏற்றிவிட்டுப் போனது. தேடும் பட்டை, வானிலைப் பட்டை, ராசிபலன் பட்டை... கடைசியில் படம் ஓட மிஞ்சியது நாலு விரல் அகல இடுக்கு.

ஆனால் ஓடியது! இடுக்கில் பளிங்குத் தரை, எட்டு ஜோடிக் கறுப்பு ஷூ.

"மொகம் எங்கய்யா?" என்றாள் அம்மா.

"கொஞ்சம் நகத்திப் பாருங்களேன்" என்றாள் ஸ்டெல்லா.

"தொட்டா நின்னுரும்டி! இப்பத்தான் ரெண்டு வாட்டி நின்னுச்சு."

"எம்புட்டுச் சொன்னேன், வாசிக்க விடுடான்னு. அப்பவும் இப்படித்தான்" என்றார் டீச்சர்.

அப்போது மன்றாட்டு மாலை தொடங்கியது. வழக்கப்படி, வார்த்தைப்பாடு கொடுக்க வந்த எட்டுப் பேரும் தரையில் குப்புற விழுந்தார்கள். எட்டுப் பேரும் முழுசாக இடுக்குக்குள் வந்துவிட்டார்கள், முகம் மட்டும் தெரியாமல். ஒரே அங்கி, ஒரே முக்காடு.

அம்மா எழுந்து போய், நாலாவது ஆளின் மேல் விரலை வைத்தாள்.

"இவதான். இடது பாதத்த வலது பாதத்து மேல போட்டுத்தான் குப்புறப் படுப்பா."

விரலை எடுக்கவே இல்லை. அவர்கள் எழுந்தபோது அந்த விரலடியில் மறுபடியும் வெறும் ஷூ. முகத்தைக் காட்டியே தீருவது என்று வந்த வீரத்தில் மவுசைத் தொட்டேன். திரை வெள்ளையாகிவிட்டது.

"போதும்யா. பாத்துட்டேன்ல" என்றாள் அம்மா. திட்டியிருக்கலாம். அடுத்த தவக்காலம் வருமுன் போய்விட்டாள். அடக்கத்துக்குச் செலினால் வர முடியவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் செலின் போனில் வீடியோவில் வருகிறாள். அந்த விரல் கதையைக் கேட்டதிலிருந்து, முதலில் போனைக் கீழே பிடித்துப் பாதத்தைத்தான் காட்டுவாள். "அடையாளம் தெரியுதா அண்ணே?" டீச்சர் வரைக்கும் எல்லோரும் சிரிப்பார்கள். "தெரியுது, தெரியுது" என்று நானும் சிரிப்பேன்.

எனக்குத் தெரியாது. எட்டுப் பேரில் எவள் செலின் என்று அன்றைக்கும் தெரியவில்லை. நான் அம்மாவின் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.