பரிசைத் தடுக்கப் போனேன்

அன்று காலை பல் தேய்க்கும்போதே சபதம் எடுத்துவிட்டேன். என் மனைவிக்கு அந்தப் பரிசு கிடைக்கக் கூடாது.

பொறாமை இல்லை. சத்தியமாக இல்லை. பயம்.

அவளுக்கு வீட்டுச் சாமான்களைப் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. போனில் புகார் கேட்க வேண்டும். நாள் முழுக்க ஊரார் புகாரையெல்லாம் பொறுமையாகக் கேட்பாள். வீட்டுக்கு வந்தால் என் புகாரை மட்டும் கேட்க மாட்டாள். இதற்கு நடுவில் ஒரு கட்டுரைத் தொகுப்பு எழுதி, அது அச்சாகியும் வந்துவிட்டது. பெயர் ‘வாங்கி மாட்டிக்கொண்டவை’. சிறந்த கட்டுரை நூலுக்கான பரிசுப் போட்டிக்குப் பதிப்பாளர் அதை அனுப்பிவைக்க, கடைசிச் சுற்றுக்கும் போய்விட்டது.

கட்டுரை என்றால் என்ன? கட்டிக்கொண்டவள் உரைப்பது. யாரைப் பற்றி உரைப்பாள்?

பொருளடக்கத்தைப் பார்த்தேன். ‘சத்தம் உண்டு, வேலை இல்லை.’ ‘சூடானால் தானே அணைந்துவிடும்.’ ‘ஒரே மூலையில் பல வருஷம்.’ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிட்டேன்.

“என்னம்மா எழுதியிருக்கே?”

“வீட்ல இருக்கிறதைப் பத்தி.”

“வீட்ல நீயும் நானும்தானே இருக்கோம்?”

“படிச்சுப் பாருங்களேன்.”

படிப்பதா? தூக்குத் தண்டனைத் தீர்ப்பை யாராவது ரசித்துப் படிப்பார்களா?

ஆபீசில் நான் சிங்கம். நான் கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பவருக்கு வியர்க்கும். பரிசு கிடைத்தால் புத்தகம் விற்கும். விற்றால் ஆபீசில் படிப்பார்கள். படித்தால் சிங்கம் வீட்டில் என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும்.

முதலில் நல்ல பெயர் வாங்கப் பார்த்தேன். பாத்திரம் கழுவினேன். துணி மடித்தேன். அவள் ஒட்டடைக் கம்பையும் கையில் கொடுத்தாள். ஒரு மாதம் இப்படியே ஓடியது. முடிவு நாள் நெருங்கவும் பொறுக்க முடியாமல் நேரே பரிசுக் குழு அலுவலகத்துக்கே போய்விட்டேன்.

ஒரு பேப்பர் கடைக்கு மேலே மாடி அறை. நாற்காலி, ஜன்னல், தரை எங்கும் புத்தகக் கட்டுகள். அவற்றுக்கு நடுவே செயலாளர்.

“ஐயா, உங்க விதிப்படி உண்மை அனுபவம்தான் எழுதணும். இந்தப் புஸ்தகம் முழுக்கப் பொய்.”

“நீங்க?”

“எழுதினவளோட வீட்டுக்காரன்.”

அவர் ஒரு நாற்காலியிலிருந்து புத்தகங்களை இறக்கி என்னை உட்காரவைத்தார். “எது பொய்?”

“‘சத்தம் உண்டு, வேலை இல்லை.’ அபாண்டம் சார்! நான் எப்பவாவதுதான் சத்தம் போடுவேன். அதுவும் அவ கடைக்குப் போனப்புறம்தான்.”

“ஓஹோ. அடுத்தது?”

“‘சூடானால் தானே அணைந்துவிடும்.’ இதுல கொஞ்சம் உண்மை இருக்கு. ஒரு தடவை கோவிச்சுக்கிட்டு வெளிய போனேன். கதவு சாத்திக்கிச்சு. சாவி உள்ள. நானே பெல் அடிச்சு மன்னிப்புக் கேட்டேன்.”

“உள்ள விட்டாங்களா?”

“பால் வாங்கிட்டு வரச் சொன்னா.”

“ஒரு நிமிஷம்” என்று அவர் எழுந்து போய் உள்ளறையிலிருந்து மூன்று நடுவர்களையும் அழைத்துவந்தார். கையில் டீயோடு வந்தார்கள். “முதல்லேர்ந்து சொல்லுங்க சார்.”

நடுவர் மூன்று பேர். நடுங்குபவர் நான் ஒருவன். ஆனாலும் நியாயம் கிடைக்கட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கரப்பான்பூச்சிக்குப் பயந்து மேஜைமேல் ஏறியதைச் சொன்னேன். மாமியார் வந்தால் குளியலறையிலேயே பேப்பர் படித்து முடிப்பதைச் சொன்னேன். ஒரு நடுவருக்குப் புரையேறியது.

கடைசியில் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஐயா, சத்தம் போடறது மிக்ஸி. சூடானா அணையறது இஸ்திரிப் பெட்டி. மூலையில இருக்கிறது தையல் மெஷின். உங்களைப் பத்தி இதுல ஒரு வரிகூட இல்லை.”

“ஒரு வரிகூடவா?”

“ஒரு எழுத்துகூட இல்லை. அப்புறம், பரிசு அவங்களுக்குத்தான். காலையிலேயே முடிவாயிடுச்சு.”

அந்த நிமிஷம் உடம்பிலிருந்து யாரோ அரிசி மூட்டையை இறக்கிவைத்தது போலிருந்தது. நான்கு பேருக்கும் கைகொடுத்தேன். ஒருவருக்கு இரண்டு தடவை. படியில் இறங்கினேனா, மிதந்தேனா, தெரியாது. தெருவில் போகிறவர்களெல்லாம் நல்லவர்களாகத் தெரிந்தார்கள். போக்குவரத்துக் காவலரைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார்!

வீட்டில் அவள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பரிசு உனக்குத்தாம்மா!”

“இப்பத்தான் போன் வந்துது.”

“அது மிக்ஸின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? மாசம் பூரா பாத்திரம் கழுவினேனே!”

“பளிச்சுனு கழுவினீங்க. அதை எதுக்குக் கெடுப்பானேன்?”

அதற்கும் எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு நிம்மதி. “என்னைப் பத்தி எவ்வளவோ எழுதியிருக்கலாம். ஒரு வரிகூட எழுதலையே நீ!”

“நம்ம வீட்டு விஷயத்தை நான் போய் வெளிய சொல்லுவேனா?” என்று அன்பாக என் கையைப் பிடித்தாள். “அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே.”