டைம்-அவுட் அண்ணனும் பத்துப் பந்தும்

சண்டை முற்றும்போது கையால் ஒரு 'டி' போட்டுக் காட்டினால் உலகமே நின்றுவிடும் என்று நம்பிய மனிதர் இந்த மலேசியாவில் ஒருவர்தான். அவர் எங்கள் கல்லூரி பஸ் டிரைவர். வேறு யாரும் முன்வராததால் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு கோச்சும் அவரே. ஒரு கையை நிமிர்த்தி, மறு கையை அதன் மேல் படுக்கவைத்து "டைம்-அவுட்!" என்பார். போலீஸ்காரர் சம்மன் எழுதும்போதும் காட்டுவார், மனைவி திட்டும்போதும் காட்டுவார். ஒரு துக்க வீட்டில் பங்காளிகள் சட்டையைப் பிடித்துக்கொண்டபோது நடுவில் புகுந்து காட்டினாராம். சண்டையும் நின்றது, மந்திரம் சொன்னவரும் நிறுத்திவிட்டார். பெற்றோர் வைத்த பெயர் எங்கள் யாருக்கும் ஞாபகமில்லை. டைம்-அவுட் அண்ணன்தான்.

கோல சிலாங்கூருக்குச் சற்று வெளியே, டயர் கடைக்கு மேலே இரண்டு மாடி. அதுதான் கல்லூரி. பின்னால் ஒரு தார் மைதானம். நான் அங்கே கிளார்க். கல்லூரியின் சமூக ஊடகப் பக்கமும் என் தலையில்தான். அணி விடாமல் தோற்றுக்கொண்டிருந்ததால் எனக்கு வேலை சுலபம். 'எங்கள் பெண்கள் கடைசிவரை போராடினர்' என்ற பழைய பதிவையே எடுத்து, தேதியை மட்டும் மாற்றிப் போடுவேன்.

அப்போதுதான் அந்தக் காணொளி வந்தது. ஒரு போட்டியின் கடைசி நொடியில் எங்கள் கேப்டன் யோகேஸ், யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று போடும் ஃப்ரீ த்ரோ இரண்டைக் கோட்டை விடுகிறாள். அடுத்த காட்சியில் எதிரணி கோச் அவள் தோளைத் தட்டுகிறார், இவள் சிரிக்கிறாள். கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'அந்த காலேஜுக்குத் தாவப் போறா. அதான் விட்டுக் குடுத்துட்டா.' சாயங்காலத்துக்குள் கோல சிலாங்கூரிலிருந்து செரண்டா வரை எல்லாக் கைப்பேசியிலும் அது ஓடியது.

யோகேஸின் அம்மாவுக்கு சுங்கை ஆயர் தாவார் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை. விளையாட்டுக்காகக் கிடைத்த இடத்தில்தான் இவள் படித்தாள், ஹாஸ்டலில் தங்கினாள். வியாழக்கிழமை விசாரணை என்று துணை முதல்வர் மேடம் அறிவித்துவிட்டார். குற்றம் உண்மை என்று முடிவானால் அணியும் போச்சு, அவள் படிப்பும் போச்சு. நான் மூன்று மொழிகளில் மறுப்பு அறிக்கை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, எழுதுனா எவன் படிப்பான்? நேருல போய்ப் பேசுனாதான் மரியாத. ஏறு பஸ்ல," என்றார் அண்ணன்.

தடுக்கத்தான் ஏறினேன். நாற்பது இருக்கை பஸ் சுங்கை பஞ்சாங் வயல்களுக்கு நடுவே ஒரு வீட்டு வாசலில் போய் நின்றது. ஆகக் கடுமையாகக் கமெண்ட் போட்டவனின் வீடு. கணக்கின் முகப்புப் படத்தில் சிங்கம் வைத்திருந்தவன், வெளியே வந்தபோது ஈரத் துண்டோடு ஒல்லியாக இருந்தான்.

அண்ணன் அவனிடம் ஒரு தடித்த நோட்டைப் பிரித்தார். பயிற்சியில் ஒவ்வொருத்தியும் போட்ட ஒவ்வொரு பந்தையும் குறித்து வைத்த நோட்டு. விழுந்தால் டிக், விழாவிட்டால் பெருக்கல் குறி. யோகேஸின் ஃப்ரீ த்ரோ பக்கங்களில் பெருக்கல் குறியைத் தவிர வேறெதுவும் இல்லை.

"தோக்குறதுக்கு நாங்க யார் தயவையும் எதிர்பாக்குறதில்ல தம்பி. சொந்தமாவே தோப்போம். ஒக்காரு, மொதப் பக்கத்துலேந்து பாப்போம்."

"அண்ணே, எனக்கு வேல இருக்கு லா..."

"டைம்-அவுட்!"

பாவம், உட்கார்ந்துவிட்டான். அவன் அம்மா இரண்டு தடவை மைலோ கலக்கிக் கொடுத்தார். மூன்று ஆண்டுப் பெருக்கல் குறிகளையும் பார்த்து முடித்தபோது, "கமெண்ட்ட அழிச்சிட்டேன் அண்ணே, விட்டுருங்க," என்று கும்பிட்டான்.

அழித்தான்தான். ஆனால் நாங்கள் கிளம்பியதும் வாசலில் நின்ற பஸ்ஸின் படத்தைப் போட்டுவிட்டான். 'காலேஜ் பஸ்ல ஆள் வந்து மெரட்டுறாங்க.' முதல் வதந்தியைவிட இது இரண்டு மடங்கு வேகத்தில் பறந்தது. அலமாக்! அந்த நோட்டாலேயே அண்ணன் தலையில் அடிக்கலாமா என்றிருந்தது எனக்கு.

வியாழக்கிழமை யோகேஸின் அம்மா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். கையில் மகளின் துணிமணிகளை எடுத்துப்போக ஒரு பெரிய பை.

விசாரணையில் அண்ணன் நோட்டை மேசையில் வைத்தார். "மேடம், போடத் தெரிஞ்சவதான் வேணும்னே தப்பா போட முடியும். இந்தப் புள்ளைக்கு ஃப்ரீ த்ரோ சுத்தமா வராது. சத்தியமா வராது."

யோகேஸ் வெடித்தாள். "கோச், இதுக்கு நான் துரோகின்னே ஒத்துக்கிட்டுப் போயிருவேன்!"

மேடம் நோட்டைத் தள்ளி வைத்தார். "நோட்ல யாரு வேணும்னாலும் எழுதலாம். மைதானத்துக்கு வாங்க. பத்துப் பந்து போடட்டும், பாக்குறேன்."

மைதானத்தைச் சுற்றி மாணவர்கள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். நான் யோகேஸின் காதில், "வழக்கம்போலப் போடு, போதும். விழுந்துச்சுன்னா நீ செத்த," என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "விழுற மாதிரி வந்தா, வேணும்னே தப்பா போடச் சொல்றீங்களாக்கா? அததான நான் செஞ்சேன்னு ஊரே சொல்லுது?"

அவள் கோட்டில் போய் நின்று, முழங்காலை மடக்கி, முதல் பந்தைப் போட்டாள்.

விழுந்தது.

இரண்டாவதும் விழுந்தது. அவள் அம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மூன்றாவது வளையத்தில் சுற்றிச் சுற்றி, வெளியே போய்விடு தெய்வமே என்று நான் கும்பிடக் கும்பிட, உள்ளே விழுந்தது. தொலைந்தாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த அலறல் கேட்டது. "முட்டிய மடக்குனா! பாத்தீங்களா மேடம், முட்டிய மடக்கிட்டா! மூணு வருசமா தொண்ட கிழிய இததான கத்துனேன்!" டைம்-அவுட் அண்ணன் மைதானத்துக்குள் குதித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கண்ணீர். விழுந்த ஒவ்வொரு பந்துக்கும் நோட்டில் டிக் போட்டார், அதுவும் மேடத்தின் கண் முன்னால். பத்தில் ஏழு விழுந்தது.

"நீங்க எழுதுறது உங்க பொண்ணுக்கே எதிரான சாட்சி. தெரியுதா?" என்றார் மேடம்.

"தெரியுது மேடம்." மூக்கை உறிஞ்சினார். "ஆனா விழுந்துருச்சே."

மேடம் ஃபைலை மூடினார். "ஏமாத்துற புள்ளயா இருந்தா இன்னைக்குப் பத்தையும் தப்பாத்தான் போட்டிருப்பா. அந்தம்மாவ வீட்டுக்குப் போகச் சொல்லுங்க, பை வேண்டாம். அப்புறம் கோச், பஸ்ஸ எடுத்துக்கிட்டு ஊர் ஊரா போற வேலைய இன்னையோட விட்டுருங்க."

அன்று மாலை, மாணவர்கள் எடுத்த காணொளி ஒன்றை எங்கள் பக்கத்தில் அப்படியே ஏற்றினேன். யோகேஸ் பந்து போடுகிறாள், பின்னால் தலைநரைத்த ஒரு மனிதர் அழுதுகொண்டே குதிக்கிறார். வதந்தி அதற்குப் பிறகு தலைதூக்கவில்லை. எங்கள் அணி மட்டும் அடுத்த வாரமும் தோற்றது.

கீழே முகம் தெரியாத ஒருவர் கேட்டிருந்தார்: 'யாருங்க இந்தக் கிறுக்கு?'

ஓர் அறிக்கைக்கு மூன்று நாள் திண்டாடிய நான், இதற்கு மட்டும் யோசிக்காமல் பதில் எழுதினேன்: 'எங்க கோச். அவரக் கிறுக்குன்னு நாங்க மட்டும்தான் சொல்லலாம்.'