மாமனாரின் கார்புரேட்டர்

கடைசி போல்ட் பாதியில் முறிந்ததும் பல் டாக்டருக்கு வியர்த்துவிட்டது. தலை கையோடு வந்துவிட்டது. வேர் என்ஜினுக்குள் தங்கிவிட்டது.

"என்னங்க சத்தம்?" ஷெட் வாசலில் மனைவி நின்றாள்.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் ஆழமா இருக்கு."

"அது உங்க பேஷன்ட்டுகளுக்குச் சொல்றது. எனக்கு உண்மையைச் சொல்லுங்க."

உண்மை இதுதான். அந்தப் பழைய கார் மாமனாருடையது. இருபத்திரண்டு வருடமாக ஷெட்டை விட்டு நகர்ந்ததில்லை. ஞாயிறுதோறும் அதைக் கண்ணாடி மாதிரி துடைப்பார். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்புவார். வண்டி நாலு தடவை இருமிவிட்டு அடங்கிவிடும்.

"கார்புரேட்டர் மக்கர் பண்ணுது மாப்பிள்ளை. ஒரிஜினல் பார்ட் மட்டும் கிடைக்கட்டும்" என்று பெருமூச்சு விட்டபடி இறங்குவார். மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்றால் முகம் சிவந்துவிடும். கண்டவன் கை அதில் படக்கூடாது.

மாப்பிள்ளையின் கையோ அவருக்குக் கணக்கிலேயே இல்லை. "நீங்க கியர் மாத்தற சத்தத்துலயே பாதிப் பேருக்குப் பல்லு ஆடிடும். அதான் கிளினிக்ல கூட்டம்" என்று விருந்தாளிகள் முன்னால் சொல்லிச் சிரிப்பார்.

அவர் பெரிய மகள் வீட்டுக்குப் பத்து நாள் போயிருந்தார். அதற்குள் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, பெட்ரோலைக் கம்ப்யூட்டரே அளந்து பீய்ச்சுகிற இன்ஜெக்‌ஷன் செட்டை மாட்டிவிட்டால், மனிதர் ஆயுசுக்கும் தன்னை மெச்சுவார் என்று பல் டாக்டர் மனக்கோட்டை கட்டியிருந்தார். செட்டோடு வந்த புத்தகத்தில் நாலு மணி நேர வேலை என்று போட்டிருந்தது. இன்று மூன்றாவது நாள்.

முறிந்த போல்ட்டைக் கிளினிக் கருவியை வைத்து ஒரு வழியாகத் தோண்டி எடுத்தார். புது செட் கச்சிதமாக உட்கார்ந்தது. பம்ப்பை ஆன் செய்தார். பழைய ரப்பர் குழாய் தன் வாழ்நாளில் அப்படியொரு அழுத்தத்தைக் கண்டதில்லை. பட்டென்று பிளந்து அவரைத் தலையோடு கால் நனைத்தது.

"போய்க் குளிங்க. அடுப்புப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க" என்றாள் மனைவி.

குழாயை மாற்றினார். இப்போது பம்ப், டேங்க்கின் அடியில் நிம்மதியாகப் படுத்திருந்த துருவையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்து ஃபில்டரை அடைத்தது. வேறு வழியில்லாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெக்கானிக் வந்து, வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.

"யார் சார் கை வச்சது?"

"நான்தான்."

"நான் வந்து யாருக்காவது பல்லு பிடுங்கினேனா?"

டேங்க் கீழே இறங்கியது. அதைக் கழுவிக் காயவைப்பதற்குள், பழைய டைனமோவால் பம்ப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்துக் கரண்ட் கொடுக்க முடியாது என்று தெரிந்தது. பெரிதாக ஒன்றை மாட்டினால் ஃபேன் பெல்ட் எட்டவில்லை. பெல்ட்டை மாற்ற ரேடியேட்டரைக் கழற்ற வேண்டியிருந்தது. எட்டாம் நாள், ஷெட்டுக்குள் கார் இருந்தது என்பதைவிட ஷெட் முழுக்கக் கார் இருந்தது என்பதே பொருத்தம்.

அப்போதுதான் போன் வந்தது.

"மாப்பிள்ளை, வண்டி எப்படி இருக்கு?"

பல் டாக்டர் தரையில் விரித்திருந்த போர்வையைப் பார்த்தார். டேங்க், குழாய்கள், ரேடியேட்டர், எங்கிருந்து வந்தன என்றே தெரியாத ஏழு நட்டுகள்.

"நீங்க விட்டுட்டுப் போன இடத்துலயேதான் இருக்கு மாமா."

"நாளைக்குக் காலையிலயே வந்துடறேன். இங்க மெத்தை ஒத்துக்கல. முதுகு பிடிச்சுக்கிச்சு."

மனைவி போனை வாங்கி வைத்தாள். "அப்பா என்னைவிட அந்த வண்டியைத்தான் செல்லமா வளர்த்தார். இந்தக் கோலத்துல பார்த்தா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துடுவார், சொல்லிட்டேன்."

கிளினிக் கதவில் 'இன்று விடுமுறை' தொங்கியது. சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார்கள். பின்னால் டமார் என்று ஒரு வெடி. எதிர்வீட்டுக்காரர் செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடிவந்தார். இன்னொரு திருப்பு, இன்னொரு டமார். மூன்றாவது வெடிக்குத் தெருவே வாசலில் நின்றது.

மறுநாள் விடிந்ததும் மெக்கானிக் என்ஜினுக்குள் தலையை விட்டு ஆராய்ந்தார்.

"கம்ப்யூட்டர் குழம்பிப் போயிருக்கு சார். அதோட ஒயரும் ஸ்பார்க் பிளக் ஒயரும் ஒட்டிக்கிட்டே போகுது. இது ஒண்ணு சொன்னா அதுக்கு வேற ஒண்ணு கேக்குது."

"எங்க வீடு மாதிரியே" என்றாள் மனைவி.

ஒயரைப் பிரித்து வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே வாசலில் டாக்சி வந்து நின்றது. பானெட் சட்டென்று மூடியது. மாமனார் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நேராக ஷெட்டுக்கு வந்தார்.

"யார் இது?"

"பேஷன்ட், மாமா. பல் வலி."

மெக்கானிக் அவசரமாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். கையை எடுத்தபோது ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. மாமனார் அந்தக் கன்னத்தை ஒரு முறை, மாப்பிள்ளையை ஒரு முறை பார்த்தார். பிறகு காருக்குள் ஏறி உட்கார்ந்தார்.

புது ஒயரோடு வண்டியை இன்னும் யாரும் ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை.

மாமனார் வழக்கம்போல் சாவியைத் திருப்பினார்.

இருமல் இல்லை, வெடி இல்லை. முதல் திருப்பிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டு, சீராக, பூனை மாதிரி உறுமியது.

மாமனார் வெந்நீர் பட்டதுபோல் சாவியிலிருந்து கையை எடுத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா, மன்னிச்சுடுங்க!" பல் டாக்டர் உளறிவிட்டார். "உங்களைக் கேக்காம கார்புரேட்டரைத் தூக்கிட்டேன். பழசைப் பத்திரமா வச்சிருக்கேன். வேணும்னா இன்னைக்கே..."

மாமனாரின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது.

"அப்பா, நெஞ்சு வலிக்குதா?" என்று மனைவி பதறினாள். இல்லை என்று தலை மட்டும் ஆடியது.

அதற்குள் சத்தம் கேட்டு நேற்றைய கூட்டம் திரும்பக் கூடிவிட்டது.

"இருபத்திரண்டு வருஷம் சார்! ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க!" என்று கத்தினார் எதிர்வீட்டுக்காரர். யாரோ கேட்டை அகலத் திறந்தார்கள். உற்சாகத்தில் பல் வலியை மறந்துபோன மெக்கானிக், குனிந்து சக்கரத்துக்கு முன்னால் வைத்திருந்த கல்லை உருவினார்.

ஷெட் தரை வாசலைப் பார்த்துச் சற்றே சரிவு. கார் மெல்ல ஒரு சாண் நகர்ந்தது. கூட்டம் கைதட்டியது.

ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, மாமனார் கண்ணாலேயே மாப்பிள்ளையைக் கிட்டே கூப்பிட்டார். திட்டு வாங்கத் தயாராகிக் கூடவே நடந்தபடி, பல் டாக்டர் ஜன்னலில் காதைக் கொடுத்தார்.

"மாப்பிள்ளை... யாருக்கும் கேக்காம சொல்லுங்க. இதுல பிரேக் எது?"