கொம்பு விளையாட்டில் முறிந்த குடை

கோபத்தை அடக்கச் சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லோரும் சாந்த சொரூபிகள் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் சொல்லிக்கொடுத்தவள்தான். என் குடை முறிந்த கதையைச் சொல்லி வீட்டில் இன்றும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் செய்தது சரிதான்.

நாட்டில் சண்டை முடிந்த அடுத்த வருடம், நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்த பிள்ளைகளுக்கு உளவளத்துணைத் தொண்டராகச் சேர்ந்தேன். (சம்பளம் இல்லை. தலைக்கனம் நிறைய.) எனக்குக் கிடைத்தவன் சுதன், பதினேழு வயது. சுனாமியில் தாயைப் பறிகொடுத்தவன். அதற்குப் பிறகு கிடைத்த நிவாரண வீட்டில் மாமியோடு இருந்தான். தாயைப் பற்றி ஒருவன் சொன்ன வார்த்தைக்கு, சொன்னவனின் மூக்கை உடைத்ததுதான் குற்றம். இன்னொரு அடிதடியில் அகப்பட்டால் நேரே சீர்திருத்தப் பாடசாலை.

"கோபம் வந்தா ஒண்டிலிருந்து பத்து மட்டும் எண்ணு தம்பி" என்று வாரா வாரம் ஓதினேன்.

"ஓம் மிஸ்" என்பான். எண்ணுகிற முகமாகத் தெரியாது.

அந்த வருடம் எங்கள் வாவிக்கரைக் கண்ணகி அம்மன் கோயிலில் நெடுங்காலத்துக்குப் பிறகு கொம்பு விளையாட்டு. வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து, ஒன்றோடொன்று கொளுவிய வளைந்த மரக்கொம்புகளைக் கயிறு கட்டி இழுக்கும். கொம்பு முறிந்த பக்கம் தோற்றது. தோற்றவர்களை வென்றவர்கள் பாட்டுப் பாடி நாறடிப்பார்கள், கோபிக்கக் கூடாது. இதைவிட நல்ல பயிற்சி உண்டா என்று சுதனைக் கூட்டிப்போனேன். (என் மூளை அப்படி.)

நான் பிறந்தது வடசேரியில். கொம்பைக் கண்டதும் படித்ததெல்லாம் வாவியோடு போய்விட்டது. தொண்டை கிழியக் கத்தினேன். சுதன் பயந்துபோய், "மிஸ், எண்ணுங்க" என்றான்.

எங்கள் கொம்பு முறிந்தது. தென்சேரிக்காரர் பாடினார்கள், பல்லைக் கடித்துப் பொறுத்தேன். அதற்குள் ஒருவன் சுதனைப் பார்த்து, "தாயக் கடலுக்குக் குடுத்து வீடு எடுத்தவனும் வந்திருக்கான்" என்றான். அந்தப் பழைய வார்த்தை. சுதன் கண்ணை மூடி எண்ணத் தொடங்கினான். நான் ஒன்றுகூட எண்ணவில்லை. சொன்னவன் தலையில் என் குடை முறிந்தது.

ஓடி வந்த பொலிஸ்காரர், பழைய வழக்குக்காரன் என்று சுதனின் சட்டையைத்தான் பிடித்தார்.

"அவன விடுங்க. அடிச்சது நான்" என்று முறிந்த குடையை நீட்டினேன்.

"நீங்க ஆரு?"

"அவனுக்குக் கோபத்த அடக்கப் பழக்குற மிஸ்."

பொலிஸ்காரர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். சுதன் தப்பினான். என்னைத் தொண்டர் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மன்னிப்புக் கேட்டால் திரும்ப எடுப்பதாகச் சொன்னார்கள். கேட்கவில்லை.

சுதனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு சித்திரை வருடப்பிறப்புக்கும் எனக்கு ஒரு புதுக் குடையோடு வருவான். நான் சட்டியைக் கொஞ்சம் ஓங்கி வைத்தாலே என் மகள், "அம்மா, எண்ணுங்க" என்பாள்.

எண்ணுகிறேன், அலுமாரியில் இருக்கும் குடைகளை. அந்த வார்த்தையை இன்னொருவன் சொன்னால், அவற்றில் ஒன்று குறையும்.