சாணிக்குழியை மூடிய மாப்பிள்ளை

மாமனார் வீட்டில் மரியாதை தேடப் போய், இருந்ததையும் சாணிக்குள் போட்டவன் நான்.

எண்பதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமான புதிது; ராஜபாளையத்தில் மில் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மாமனார் பத்து மாடு வைத்து, பால்கோவாக் கடைகளுக்குப் பால் ஊற்றிவந்தார். தொழுவத்தின் பின்னால் சாணியும் கழுவிய தண்ணீரும் தேங்கும் குழி. நாற்றம் தாங்காத தெருக்காரர்கள் புகார் எழுதப் போவதாகச் சொன்னார்கள். எழுதினால் தொழுவத்தையே காலி செய்ய வேண்டும்.

நான் அப்போதுதான் சாண எரிவாயு பற்றி இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்திருந்தேன். (மில்லில் லீவு கிடைக்குமே என்று போனதுதான்.)

“மாமா, நாத்தம் பூரா கேஸு. குழிய மூடிட்டா வெளிய வராது” என்றேன்.

பழைய லாரி தார்ப்பாய் வாங்கி, குழியின் மேல் விறைப்பாக இழுத்து, சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கினேன். நாற்றம் நின்றது! மாமனார் முகத்தில் அப்படியொரு பெருமை. வாயு வெளியேறக் குழாய் வைக்க வேண்டுமாம். பயிற்சியில் அதைச் சொன்ன நேரம் நான் வெளியே வடை தின்றுகொண்டிருந்தேன்.

சில நாளில் தார்ப்பாய் பூரி போல உப்பியது. மாமனார் தெருவையே கூட்டிவந்தார்.

“எங்க மாப்ளை கேஸ எப்படிப் பிடிச்சு வச்சிருக்காரு, பாருங்க!”

பக்கத்து வீட்டு வாத்தியார் கேட்டார்: “சரி தம்பி, இத எப்படி வெளிய எடுப்பிய?”

சமாளிக்க, “எம்புட்டு உறுதின்னு பாருங்க சார்” என்று தார்ப்பாயின் மேல் ஏறினேன்.

“ஏங்க, வேண்டாங்க!” என்று மனைவி கத்தியதும் தார்ப்பாய் கிழிந்ததும் ஒரே நேரம். இடுப்புவரை உள்ளே போனேன். சேர்ந்திருந்த நாற்றமெல்லாம் மொத்தமாகக் கிளம்பியது. வாத்தியாரின் வெள்ளைச் சட்டை முழுக்கப் பச்சைப் புள்ளிகள். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

என்னை மாடு கழுவும் இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார்கள். மாமனார் ஒரு வார்த்தை திட்டவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், “சின்னப் பையன், தெரியாமச் செஞ்சிட்டான், மன்னிச்சிருங்க” என்று கைகூப்பினார். ஈரத்துணியோடு நின்று அதைப் பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

புகார் போகவில்லை. வாத்தியார்தான் தடுத்தாராம். மறு வருஷம், விவரம் தெரிந்தவர்களை வைத்து முறையான எரிவாயுக் கலன் கட்டினோம், அடுப்பும் எரிந்தது. யாருக்கும் அந்த அடுப்பு நினைவில்லை.

இன்றும் அந்த வீட்டில் நான் பாயில் உட்காரப் போனால் மச்சினி ஓடிவருவாள்:

“அத்தான், மெதுவா! கிழிஞ்சிரப் போவுது.”