துண்டுக்குள் பேசிய பேரம்

கூச்சப்படுகிறவன் எப்போதும் வாயை மூடிக்கொண்டே இருந்துவிட்டால் ஒரு கேடும் வராது. ஆனால் எங்காவது ஓரிடத்தில் திறந்துவிடுவான். அது திறக்கவே கூடாத இடமாக இருக்கும். நான் திறந்த இடம் ஓமான்.

தொண்ணூறுகளில், கோயமுத்தூரில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த நான், ஓமானில் ஒரு சின்ன ஊருக்கு அதே லேத்தை ஓட்டப் போனேன். (மெஷின் மாறவில்லை, வெயில்தான் மாறியது.) அறையில் எல்லாரும் நம் பக்கத்து ஆட்கள். மூத்தவர் காரமடை பழனியண்ணன். என் வயதுக்காரன் சத்தியமங்கலம் செல்வராசு. போன புதிது என்பதால் நான் யாரோடும் பேசாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

தீபாவளி வந்தது. அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு என்பதால் பண்டிகையையே வெள்ளிக்கு நகர்த்தினோம். செல்வராசு, கடையில் ஐஸ் கோழி வாங்கிவிடலாம் என்றான். அப்போதுதான் என் வாய் திறந்தது. தீபாவளிக்கு ஐஸ் கோழி தின்பவனெல்லாம் ஒரு மனிதனா என்று கேட்டேன். வெள்ளிதோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறதே, நானே ஒரு கிடாயைப் பிடித்துத் தருகிறேன் என்றேன்.

"அரபி தெரியாம எப்படி கண்ணு பேசுவே?" என்றார் பழனியண்ணன்.

"பாஷை எதுக்குங்ணா? துண்டு இருக்குதுங்க."

எங்கள் பக்க மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். இரண்டு பேரும் ஒரு துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்தே பேரம் பேசுவார்கள். என் பெரியப்பா அந்தியூரில் மாட்டுத் தரகர் என்றும், அவர் விரல் வித்தை எனக்கு அத்துப்படி என்றும் அளந்துவிட்டேன். (நான் அங்கே பிடித்ததெல்லாம் மாட்டுக் கயிறுதான்.) என்னை நம்பி, கறி வருவதற்கு முன்பே மசாலா அரைத்து வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் சந்தைக்குப் போனோம். ஆட்டுக்காரர்கள் ஆடுகளைப் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றி நடக்கிறார்கள். வேண்டியவன் நிறுத்தி விலை கேட்கவேண்டும். ஒரு வெள்ளைத்தாடிப் பெரியவர் கொழுத்த கறுப்புக் கிடாயோடு வந்தார். மறித்தேன். சலாம் வைக்கக்கூடத் தோன்றவில்லை. அவர் கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே கையை விட்டு, மூன்று விரலைப் பிடித்து அழுத்தினேன்.

பெரியவர் திடுக்கிட்டார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக என் கையை இறுகப் பற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். ஒரு கையில் கிடாய், மறுகையில் நான்.

ஆணும் ஆணும் கைகோத்து நடப்பது அங்கே சிநேகத்துக்கு அடையாளம் என்பது பிறகு தெரிந்தது. அப்போது நானோ, ஆள் பேரத்தில் கெட்டிக்காரர் என்று நினைத்தேன். இரண்டு விரலை அழுத்தினேன். அவரும் பாசமாக அழுத்தினார். விலை இறங்குகிறது என்று குதூகலித்தேன். சுற்றுக்குமேல் சுற்றாகப் போய்க்கொண்டிருந்தோம். ஒருவர் கிடாயின் பல்லைப் பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னையும் ஏற இறங்கப் பார்த்தார். வேலியோரம் நின்ற நம் ஆட்களோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களே தவிர, ஒருவனும் மீட்க வரவில்லை.

அடுத்த சுற்றில் பல் பார்த்தவர் ஏதோ விலை சொன்னார். பெரியவர் தலையாட்டிக் கயிற்றைக் கொடுத்துவிட்டார். கிடாய் போய்விட்டது. என் கையை மட்டும் விடவில்லை. அப்படியே ஓரமாகக் கூட்டிப்போய் உட்காரவைத்துப் பேரீச்சம்பழமும் காப்பியும் கொடுத்தார். நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் சந்தை கலைந்துவிட்டது.

பழனியண்ணன் மெதுவாக வந்தார். "கெடா வித்துப்போச்சு. உன்னைய யாரு கண்ணு புடிச்சாங்க?"

அரைத்த மசாலாவில் முட்டையை வேகவைத்துப் போட்டோம். ஐஸ் கோழியாவது கிடைத்திருக்கும் என்று சாப்பாடு முடியும்வரை செல்வராசு முணுமுணுத்தான். அந்த மனிதன்தான் பின்னால் தன் தங்கையை எனக்குக் கட்டிக்கொடுத்தான். கொடுப்பதற்கு முன்பே, இந்தக் கதையை ஊர் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டான். பெண் பார்க்கப் போன அன்று, மாமனார் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்தபோது அந்த வீடே கொல்லென்று சிரித்தது.

இப்போதும் சந்தைக்குக் கிளம்பினால், பையைக் கொடுக்கும்போதே என் மனைவி தோளிலிருந்து துண்டை உருவிக்கொள்வாள்.

"ஏனுங்க, இது இங்கயே இருக்கட்டும். காய் வராட்டியும் பரவாயில்லைங்க, நீங்க ஊடு வந்து சேரோணும்."